கற்பிட்டிக் கோட்டையைக் கட்டிய பங்குகள்

பாலாவிச் சந்தியில் கற்பிட்டி வீதிக்குத் திரும்பினால் முதலில் கண்ணில் படுவது உப்பளம்தான். வெயில் காலத்தில் வெள்ளையாகக் குவித்து, கிடுகு போட்டு மூடி வைத்திருப்பார்கள். அதைத் தாண்டி நுரைச்சோலை. வீதி முடிகிற இடத்தில் கற்பிட்டி. அங்கே களப்பைப் பார்த்தபடி ஒல்லாந்தர் கோட்டை நிற்கிறது. இப்போது கடற்படையின் பொறுப்பில் இருக்கிறது. அனுமதி எடுத்துத்தான் உள்ளே போகலாம்.

தரம் 10 மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போன அன்று ஒரு பொடியன் வாசல் வளைவின் கீழ் நின்று கேட்டான்:

"சேர், இத ஒல்லாந்து ராசாவா கட்டின?"

"இல்ல தம்பி, ஒரு கம்பனி."

"கம்பனி கோட்டை கட்டுமா சேர்? அதுக்குச் சல்லி எங்கால?"

அந்தக் கடைசிக் கேள்விக்கு அங்கே நின்று ஒழுங்கான பதில் சொல்ல எனக்கு முடியவில்லை. பிறகு தேடி வாசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். எழுத இன்னொரு காரணமும் இருக்கிறது. கொஞ்ச நாளுக்கு முன்பு எங்கட ஊர் ஆள் ஒருவர், மீள்குடியேறிக் காணி துப்புரவாக்க என்று சேர்த்து வைத்திருந்த சல்லியை, போனில் வந்த ஒரு "ஷேர் மார்க்கட்" திட்டத்தில் போட்டார். மாதம் 10 வீதம் நிச்சய லாபமாம். ஜும்ஆ முடிந்து வரும் வழியில் என்னிடம் கேட்டார்: "சேர், இது ஹலால்தானே? வட்டி இல்லயே, ஷேர்தானே?" ஹலாலா ஹராமா என்று பார்க்க முன்பு, அது பங்குதானா என்று பார்க்க வேண்டியிருந்தது. பங்கு என்றால் என்ன என்பது அவருக்கும் சரியாகத் தெரியாது. உண்மையைச் சொன்னால், அன்று எனக்கும் அரைகுறைதான்.

கோட்டையில் இருந்தே தொடங்குவோம். 1602 மார்ச் 20 அன்று ஒல்லாந்தில் ஐக்கிய கிழக்கிந்தியக் கம்பனிக்குச் சாசனம் கொடுக்கப்பட்டது. அதற்கு முன்பும் அங்கிருந்து வியாபாரிகள் கிழக்குக்குக் கப்பல் அனுப்பினார்கள். ஆனால் ஒவ்வொரு பயணமும் தனிக்கணக்கு. நாலைந்து பேர் சேர்ந்து முதல் போடுவார்கள், கப்பல் திரும்பும், மிளகும் கராம்பும் விற்கப்படும், லாபத்தைப் பிரித்துக் கணக்கை முடிப்பார்கள். கப்பல் தாழ்ந்தால் அந்த நட்டமும் அவர்களுக்கே. 1602இல் வந்த கம்பனியில் இரண்டு விடயம் புதிது. ஒன்று, நாட்டில் வசிக்கும் எவரும் முதல் போடலாம். இவ்வளவுக்குக் குறையக்கூடாது என்ற எல்லை இல்லை. மற்றது, போட்ட முதல் ஒரு பயணத்தோடு திரும்பாது. பத்து வருடத்துக்குக் கம்பனியிடம் இருக்கும்.

அம்ஸ்டர்டாம் கிளையின் பதிவேடு டிர்க் வான் ஒஸ் என்ற பணிப்பாளரின் வீட்டில் திறக்கப்பட்டிருந்தது. அந்தக் கிளையில் மட்டும் 1,143 பேர் பெயர் பதிந்தார்கள். பதிவு மூடும் நாளில் கடைசியாக எழுதப்பட்டவர்களில் ஒருத்தி நேல்ட்ஜென் கொர்னலிஸ், அந்த வீட்டு வேலைக்காரப் பெண். அவள் போட்டது 100 கில்டர். ஆறு நகரக் கிளைகளும் சேர்த்து மொத்தம் ஏறக்குறைய 64 இலட்சம் கில்டர் திரண்டது. பொடியன் கேட்ட சல்லி இதுதான். பெரிய வர்த்தகர்களின் பணத்தோடு ஒரு வேலைக்காரப் பெண்ணின் சேமிப்பும் அதற்குள் இருந்தது.

சாசனத்தில் ஒரு சின்ன ஏற்பாடும் இருந்தது. பங்குக்காரர் தன் பங்கை இன்னொருவருக்கு மாற்றலாம். கம்பனியின் கணக்குப்பிள்ளை முன்னால் போய்ப் பெயரை மாற்றி எழுத வேண்டும், அவ்வளவுதான். எழுதினவர்களே அதைப் பெரிதாக நினைத்திருக்க மாட்டார்கள். பத்து வருடம் முடிந்து 1612 வந்தது. சாசனப்படி கணக்கை முடித்து முதலைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கம்பனி கொடுக்கவில்லை. காசு எல்லாம் கப்பலாக, பண்டசாலையாக, பீரங்கியாக மாறிக் கிழக்கில் கிடந்தது. ஆகவே முதல் வேண்டும் என்ற ஆளுக்கு இருந்த ஒரே வழி, தன் பங்கை வேறொருவருக்கு விற்பது. இன்றைக்கு நாம் பங்குச் சந்தை என்று சொல்லுவதன் அடிமனை இதுதான் என்று எனக்குப் படுகிறது: கம்பனி முதலைத் திருப்பித் தராது, ஆனால் உன் இடத்துக்கு வர ஆயத்தமான இன்னொரு ஆளை நீ தேடிக்கொள்ளலாம்.

அந்த ஆளும் நீயும் சம்மதிக்கும் தொகைதான் விலை. கம்பனி அதைத் தீர்மானிப்பதில்லை. 100 கில்டர் பங்கை 140க்கு விற்றால் மேலதிக 40 கம்பனிக்குப் போகாது, விற்றவருக்குப் போகும். இதை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் நம்புவது கஷ்டம். "அப்ப கம்பனிக்கு என்ன லாபம் சேர்?" என்பார்கள். கம்பனிக்குக் காசு கிடைப்பது முதல் தடவை பங்கை வெளியிடும்போது மட்டும். அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் பங்குக்காரருக்கும் பங்குக்காரருக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கல்.

பங்குப் பத்திரமும் அப்படியே. உலகில் இன்று கிடைத்திருக்கும் மிகப் பழைய பங்குப் பத்திரம் 1606ஆம் ஆண்டுக்குரியது. 2010இல் ஹோர்ன் நகரச் சுவடிக்கூடத்தில் ஒரு மாணவர் அதைக் கண்டெடுத்தார். பார்த்தால் அது பணம் செலுத்திய பற்றுச்சீட்டு மாதிரித்தான். உரிமை கடதாசியில் இல்லை, கம்பனியின் ஏட்டில் இருந்தது.

சந்தை பிறந்து ஏழு வருடத்துக்குள் அதில் விளையாட்டும் தொடங்கிவிட்டது. ஐசாக் லெ மேர் என்பவர் கம்பனியில் ஆரம்பத்தில் மிகப் பெரிய தொகை போட்டவர்களில் ஒருவர். பணிப்பாளர்களோடு முறுகிக்கொண்டு விலகினார். 1609இல் சிலரை இரகசியமாகச் சேர்த்துக்கொண்டு, தங்களிடம் இல்லாத பங்குகளைப் பின்திகதியில் கொடுப்பதாக விற்றார்கள். விலை விழுந்ததும் மலிவாக வாங்கிக் கொடுத்துவிடலாம் என்பது கணக்கு. விலை விழட்டும் என்று கம்பனியைப் பற்றிக் கெட்ட செய்தியும் பரப்பினார்கள் என்று பணிப்பாளர்கள் முறையிட்டார்கள். 1610 பெப்ரவரியில் ஒல்லாந்து அரசு, கைவசம் இல்லாத பங்கை விற்பதைத் தடை செய்தது.

இந்த இடத்தில் நம்முடைய பிக்ஹு கிதாபுகளைப் படித்த எவருக்கும் ஒரு ஹதீஸ் ஞாபகம் வரும். தன்னிடம் இல்லாத பொருளை விற்பது பற்றி ஹகீம் பின் ஹிஸாம் (ரழி) கேட்டபோது நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுத்தார்கள். அம்ஸ்டர்டாம் தடை அதைப் பார்த்து வந்தது என்று நான் சொல்லவில்லை. இரண்டும் ஒரே ஓட்டையைத்தான் அடைக்கப் பார்த்தன. ஒல்லாந்தில் தடை ஏட்டில் இருந்தது, வியாபாரம் தொடர்ந்தும் நடந்தது. அது வேறு கதை.

அந்தச் சந்தையைப் பற்றிய முதல் புத்தகத்தை 1688இல் ஸ்பானிய மொழியில் எழுதியவர் ஜோசப் டி லா வேகா. ஸ்பெயினில் இருந்து துரத்தப்பட்ட யூத சமூகத்தின் வழிவந்தவர், அம்ஸ்டர்டாமில் குடியேறியவர். புத்தகத்தின் பெயரைத் தமிழில் சொன்னால் 'குழப்பங்களின் குழப்பம்'. ஒரு தத்துவவாதி, ஒரு வியாபாரி, ஒரு பங்குக்காரன் மூன்று பேரும் உரையாடுவதாக அமைந்தது. விலை ஏன் ஏறுகிறது என்று பங்குக்காரனுக்கே சரியாகத் தெரியாது என்பது அதில் அடிக்கடி தட்டுப்படும். துரத்தப்பட்ட சமூகம் என்று வாசித்த இடத்தில் நான் கொஞ்சம் நின்றுதான் மேலே போனேன்.

இனி அந்தக் கம்பனி நமது பக்கம் என்ன செய்தது என்று பார்ப்போம். ஒல்லாந்தரைக் கூப்பிட்டது கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கன். 1638இல் போர்த்துக்கேயரை விரட்ட உடன்படிக்கை செய்தான். விரட்டினார்கள், பிறகு பிடித்த இடங்களைத் தாங்களே வைத்துக்கொண்டார்கள். இஞ்சி கொடுத்து மிளகாய் வாங்கிய கதை என்று சிங்களத்தில் சொல்லும் பழமொழி இதைப் பற்றியதுதான். 1658இல் யாழ்ப்பாணமும் 1659இல் கற்பிட்டியும் கம்பனியின் கைக்கு வந்தன. 1667 முதல் 1676 வரை கோட்டை கட்டப்பட்டது. சுவர் முருகைக்கல்லும் சுண்ணாம்புக்கல்லும். வாசல் வளைவு மட்டும் செங்கல்.

கற்பிட்டியில் ஏன் கோட்டை? கண்டி இராச்சியத்துக்குக் கடலைத் தொட இருந்த வாசல்களில் புத்தளம் முக்கியமானது. மலைநாட்டுப் பாக்கு அதால் வெளியே போனது. தென்னிந்தியப் புடவையும் உப்பும் கருவாடும் அதால் உள்ளே போயின. அந்தப் போக்குவரத்தைத் தோணியிலும் தவாளத்திலும் நடத்தியவர்களில் பெரும்பங்கினர் முஸ்லிம்கள். களப்பின் வாயில் கோட்டையைப் போட்டால் புத்தளத்துக்கு வரும் ஒவ்வொரு தோணியையும் மறிக்கலாம். கோட்டைக்குள் ஆட்சி இருந்தது, மதில் இருந்தது, ஆனால் அதன் வேலை சுங்கச்சாவடி வேலை. 1761இல் தொடங்கிய கண்டி யுத்தத்துக்குப் பிறகு, 1766 உடன்படிக்கையில் மன்னன் கரையோரம் முழுவதையும் கம்பனிக்கு விட்டுக்கொடுத்தான். புத்தளமும் அதோடு போனது.

பாக்கு, கறுவா எல்லாம் கம்பனியின் தனியுரிமை ஆகின. கம்பனி ஆண்ட இடங்களில் சோனகர் மீதும் செட்டிமார் மீதும் ஊழியக் கடமை சுமத்தப்பட்டது: வருடத்தில் இத்தனை மாதம் கம்பனிக்குக் கூலியில்லாமல் வேலை செய்ய வேண்டும். ஒல்லாந்தர் தங்கள் ஆவணங்களிலும் 'ஊழியம்' என்ற நமது சொல்லையே திரித்து எழுதினார்கள். தமிழ் படித்தவனுக்கு அந்தச் சொல்லை அந்த எழுத்தில் பார்ப்பது ஒரு மாதிரியாக இருக்கும்.

பங்குக்காரர்களுக்குக் கிடைத்த பங்கிலாபத்துக்குள் இதுவும் இருந்தது. 1610இல் கொடுத்த முதல் பங்கிலாபத்தைக் கம்பனி பெரும்பாலும் காசாகக் கொடுக்கவில்லை, வாசனைச் சரக்காகவே அளந்து கொடுத்தது. அதைப் பார்த்தாவது சரக்கு எங்கிருந்து வருகிறது என்று ஒருவர் யோசித்திருக்கலாம். பிறகு காசாக வரத் தொடங்கியது. காசில் வாசனை இல்லை. நேல்ட்ஜென் மாதிரி ஒரு பெண் கற்பிட்டியைக் கேள்விப்பட்டிருக்க வேண்டிய அவசியமே இல்லை. வட்டி வாங்குகிறவன் கடன்காரனைத் தெரிந்து வைத்திருப்பான். பங்குக்காரன் தன் முதல் யாருடைய முதுகில் இருக்கிறது என்று தெரியாமலே லாபம் எடுக்கலாம். பங்கு என்ற ஏற்பாட்டின் பலமும் பாவமும் இரண்டுமே இதில்தான் இருக்கின்றன.

"பங்கு" நமக்கு ஒல்லாந்தர் சொல்லித்தந்த சங்கதி அல்ல. களப்போரம் எந்த மீனவரிடமும் கேட்டுப் பாருங்கள். பிடிபட்டதை விற்றுச் செலவைக் கழித்து, மிச்சத்தில் வள்ளத்துக்கும் வலைக்கும் இவ்வளவு, ஆட்களுக்கு இவ்வளவு என்று பிரிப்பார்கள். மீன் படாவிட்டால் சம்மாட்டிக்கும் இல்லை, ஆளுக்கும் இல்லை. மாதச் சம்பளம் மாதிரி நிச்சயமான காசு அங்கே கிடையாது. இதற்குக் கிதாபில் உள்ள பெயர்கள் முஷாரகா, முளாரபா. பழைய பெயர் கிராள். ஒருவர் முதல் போடுவார், மற்றவர் உழைப்பார். லாபத்தை முன்பே பேசிய விகிதத்தில் பிரிப்பார்கள். நட்டம் வந்தால் முதல் போட்டவருக்கு முதல் போகும், உழைத்தவருக்கு உழைப்புப் போகும். கதீஜா (ரழி) அவர்களின் சரக்கை நபி (ஸல்) அவர்கள் ஷாமுக்குக் கொண்டுபோனது இந்த வகை ஒப்பந்தத்தில்தான். இத்தாலியத் துறைமுகங்களில் பிறகு பரவிய 'கொமென்டா' ஒப்பந்தம் கிராளில் இருந்து வந்திருக்கலாம் என்று ஏபிரகாம் உடோவிச் போன்ற ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள்.

அப்படியானால் கம்பனியும் பங்குச் சந்தையும் ஏன் கெய்ரோவிலோ காயல்பட்டினத்திலோ பிறக்கவில்லை? திமூர் குரான் என்ற பொருளியல் வரலாற்றாய்வாளர் இதற்குச் சொல்லும் பதில் பிரபலமானது. கிராள் ஒரு பயணத்தோடு முடியும். கூட்டாளிகளில் ஒருவர் மவுத்தானால் உடன்படிக்கையும் முடிந்துவிடும். பராயிள் சட்டப்படி அவருடைய சொத்துப் பல வாரிசுகளுக்குப் பிரியும். அதனால் கூட்டாளிகள் எண்ணிக்கையையும் காலத்தையும் குறைத்து வைத்துக்கொண்டார்கள். மனிதர் மவுத்தானாலும் தான் மவுத்தாகாத நிறுவனம் என்று நம்மிடம் இருந்தது வக்பு மட்டும், அது வியாபாரத்துக்கு அல்ல.

இதில் பாதியை நான் ஏற்கிறேன். பராயிளைக் குறை சொல்லும் பாதியை ஏற்கச் சிரமம். பங்கின் தன்மையே பிரிக்கத் தோதானது. 1,000 பங்கு வைத்திருந்தவர் மவுத்தானால் மகனுக்கும் மகளுக்கும் மனைவிக்கும் எண்ணிப் பிரிக்கலாம், கம்பனி அசையாது. காணியையும் கடையையும் அல்லவா வெட்டிப் பிரிக்க வேண்டியிருக்கிறது. நமது கரையில் இன்னொரு காரணமும் உண்டு. தோணிக்காரனின் கிராள் தானாக வளர்ந்து கம்பனியாகுமா என்று பார்க்கும் சந்தர்ப்பமே வரவில்லை. அதற்குள் பீரங்கியோடு ஒரு கம்பனி களப்பின் வாயில் வந்து உட்கார்ந்துவிட்டது.

கம்பனி கடனில் மூழ்கி 1799 முடிவில் மறைந்தது. அதற்கு முன்பே, 1795இல், கற்பிட்டியை ஆங்கிலேயர் எடுத்துவிட்டார்கள். நூறு வருடம் கழித்து, 1896இல், கொழும்பில் பங்குத் தரகர் சங்கம் தொடங்கியது. கோப்பி 1869 முதல் இலைநோயில் அழிந்து, அந்த மலைகளில் தேயிலை வந்த காலம் அது. தோட்டம் திறக்க முதல் வேண்டும், பங்கு விற்றுத் திரட்டினார்கள். அங்கே உழைத்தது தென்னிந்தியாவில் இருந்து கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளர். பங்கிலாபம் எடுத்தவர்கள் பெரும்பாலும் ஆங்கிலேயர். பாக்குப் போய்த் தேயிலை வந்தது, மற்றப்படி அதே கதைதான். 1975இல் காணிச் சீர்திருத்தத் திருத்தச் சட்டத்தால் கம்பனித் தோட்டங்களை அரசு எடுத்தபோது கொழும்புப் பங்கு வியாபாரத்தின் உயிர்நாடியே அறுந்தது. 1977க்குப் பின் பொருளாதாரம் திறந்து, 1985இல்தான் முறையான பரிவர்த்தனை நிலையம் அமைந்தது. அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் அந்த வருடத்தை 100 என்று வைத்துக் கணக்கிடப்படுகிறது.

1990இல் அதற்குக் கொழும்புப் பங்குப் பரிவர்த்தனை என்று பெயர் வந்தது. வெளிநாட்டார் பங்கு வாங்கும்போது இருந்த நூறு வீத வரியும் அதே வருடம் நீங்கியது. யார் வேண்டுமானாலும் வந்து இலங்கையில் ஒரு பங்கு வாங்கலாம் என்ற வருடம் அது. அந்த ஒக்டோபர் கடைசியில் வடக்கின் ஏறக்குறைய 75,000 முஸ்லிம்கள் வீடு, கடை, தோணி, வயல், நகை எல்லாவற்றையும் விட்டுவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். தில்லையடியில் இன்று இருக்கும் பலரும் அப்படி வந்தவர்கள், அல்லது வந்தவர்களின் பிள்ளைகள். சொத்து என்றால் தொட்டுப் பார்க்கக் கூடியது என்று நம்பிய ஒரு தலைமுறை, தொட்டுப் பார்க்கக் கூடியதெல்லாம் ஒரே நாளில் போகும் என்று கண்டது. வங்கிக் கணக்குக்காரர்கள் புத்தளத்துக்கு வந்தும் எடுத்தார்கள். இதை வைத்து எல்லாரும் பங்கு வாங்குங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. ஏட்டில் இருக்கும் சொத்துக்கும் வேறு விதமான கள்ளன் உண்டு. 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டபோது வங்கியில் கிடந்த காசு கிடந்தபடியே கரைந்தது.

இன்று ஒரு பங்கு எப்படி வாங்கப்படுகிறது? முதலில் ஒரு பங்குத் தரகர் ஊடாக மத்திய வைப்பு முறைமையில் ஒரு கணக்கு. அது 1991இல் வந்தது. அம்ஸ்டர்டாமின் கணக்குப்பிள்ளையின் ஏடு இப்போது அங்கே கணினியில் இருக்கிறது. தரகர் உமது பெயரில் வாங்குவார். உரிமை உமது பெயரில் பதியப்படும், தரகரின் பெயரில் அல்ல. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஊர்க்காரரின் கதைக்குத் தேவைப்படும்.

உதாரணத்துக்கு உப்பை எடுப்போம். பாலாவியில் உப்பளம் நடத்தும் ரைகம் வயம்ப சோல்ட்டர்ன்ஸ் கொழும்புச் சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பனி. கற்பிட்டிக்குப் போகிறவர் பஸ் யன்னலால் பார்த்துக்கொண்டு போகும் வெள்ளைக் குவியலுக்கும் பங்குக்காரர்கள் இருக்கிறார்கள். பெயர் வேண்டாம், ஒரு உப்புக் கம்பனி என்று வைப்போம். ஒருவர் 9 ரூபா 80 சதத்துக்கு வாங்க ஆயத்தம், இன்னொருவர் 9 ரூபா 90க்கு. விற்கிற பக்கம் ஒருவர் 10 ரூபா கேட்கிறார், இன்னொருவர் 10 ரூபா 20. இந்த நிலையில் வியாபாரம் நடக்காது. 9.90 சொன்னவர் 10க்கு ஏறினால், அல்லது 10 கேட்டவர் 9.90க்கு இறங்கினால், கணினி இருவரையும் பொருத்தும். கூடிய விலை சொன்ன வாங்குபவருக்கும் குறைந்த விலை சொன்ன விற்பவருக்கும் முதலிடம். விலை ஒன்றானால் முந்தி வந்தவருக்கு. திரையில் ஓடும் "இன்றைய விலை" என்பது கடைசியாக இருவர் சம்மதித்த தொகை மட்டுமே. மீன் ஏலத்தில் நிற்காத ஆளுக்குத்தான் இது மாயமாகத் தெரியும். தரகுக் கூலியும் கட்டணங்களும் சேர்த்து வாங்கும்போது ஒரு வீதத்துக்குச் சற்று மேல், விற்கும்போதும் அப்படியே. காலையில் வாங்கி மாலையில் விற்று உழைக்கலாம் என்று சொல்லுகிறவர்கள் இந்தக் கணக்கைச் சொல்லுவதில்லை.

வாங்குபவரும் விற்பவரும் ஏன் வேறு வேறு தொகை சொல்லுகிறார்கள்? ஒருவர் இந்தமுறை வெயில் நன்றாக எறிக்கும், உப்பு விளையும் என்கிறார். மற்றவர் மழை என்கிறார். மழை பெய்து விளைச்சல் கெட்டு, 2025 தொடக்கத்தில் இந்த நாட்டுக்கே 30,000 மெற்றிக் தொன் உப்பு இறக்குமதி செய்ய வேண்டி வந்தது நமக்குத் தெரியும். கம்பனியின் கணக்கறிக்கையை வாசித்து, கடன் எவ்வளவு, போன ஐந்து வருடம் லாபம் எவ்வளவு, நிர்வாகம் யார் என்று பார்த்து, நட்டம் வந்தாலும் தாங்கும் அளவுக்குள் காசு போட்டு, வருடக்கணக்கில் காத்திருப்பவர் முதலீட்டாளர். கம்பனி என்ன செய்கிறது என்றே தெரியாமல், நாளைக்கு இன்னொருவர் கூட விலை தருவார் என்ற எண்ணத்தில் மட்டும் வாங்குபவர் ஊகக்காரர். இரண்டு பேரும் அழுத்துவது ஒரே பொத்தானைத்தான். மற்றவர் பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

கொழும்பு இதை நன்றாகவே பார்த்திருக்கிறது. யுத்தம் முடிந்த 2009இல் சுட்டெண் ஒரே வருடத்தில் இரண்டு மடங்குக்கு மேலானது, 2010இலும் ஏறக்குறைய இரட்டித்தது. 2011இல் திரும்பி விழத் தொடங்கியது. செயற்கையாக விலையேற்றும் கூட்டங்களைப் பற்றிப் பேச்சு எழுந்தது. பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழுவின் தலைவர்கள் இருவர் ஒரு வருடத்துக்குள் அடுத்தடுத்து பதவி விலகினார்கள். 2022 ஜனவரியில் சுட்டெண் 13,000ஐத் தாண்டி நின்றது. ஏப்ரல் கடைசியில் 8,000க்கும் கீழே. இடையில் ஐந்து வேலை நாட்கள் சந்தையே மூடப்பட்டது. ஜனவரியில் நகையை ஈடு வைத்து உள்ளே போனவருக்கு ஏப்ரலில் என்ன நடந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். 2025இல் அதே சுட்டெண் 20,000ஐத் தாண்டியது. ஆனால் ஈடு வைத்தவரை அதுவரைக்கும் வங்கி விட்டு வைத்திருக்காது.

ஹலால் ஹராம் பேச்சுக்கு வருவோம். சர்வதேச இஸ்லாமிய பிக்ஹு கலாபீடம் 1992இல் ஜித்தாவில் கூடி எடுத்த தீர்மானம் தெளிவானது. ஆகுமான தொழில் செய்யும் கம்பனியில் பங்கு வாங்குவது ஆகும். வட்டி, மது போன்றவற்றையே தொழிலாகக் கொண்ட கம்பனியில் கூடாது. தொழில் ஆகுமானது, ஆனால் இடையிடையே வட்டியோடு தொடர்பு வைக்கும் கம்பனி என்றால், அடிப்படையில் அதிலும் கூடாது. இந்த மூன்றாவதில்தான் சிக்கல். வங்கிக் கடன் இல்லாத பெரிய கம்பனி இன்றைக்கு எங்கே? பஹ்ரைனில் உள்ள இஸ்லாமிய நிதி நிறுவனங்களுக்கான கணக்கியல் அமைப்பு, அயோபி, இதில் ஓர் எல்லை வகுத்தது: வட்டிக் கடன் கம்பனியின் சந்தைப் பெறுமதியில் 30 வீதத்துக்குள், ஆகாத வருமானம் 5 வீதத்துக்குள் இருந்தால், அந்த ஆகாத பங்கைக் கணக்கிட்டு ஸதகாவாக வெளியேற்றிவிட்டு மிச்சத்தை எடுக்கலாம். ஜித்தாவின் பேணுதலா, பஹ்ரைனின் வசதியா என்பதை உலமாக்கள் சொல்ல வேண்டும். இலங்கையில் 2005 வங்கிச் சட்டத் திருத்தத்தால் வழி திறந்து, 2011இல் அமானா வங்கி தொடங்கி, 2014இல் அதன் பங்குகளே கொழும்புச் சந்தைக்கு வந்தன.

ஆனாலும் எங்கட பேச்சு எப்போதும் வட்டியோடு நின்றுவிடுகிறது. கற்பிட்டிக் கோட்டையைக் கட்டிய கம்பனியை 30 வீதம், 5 வீதம் என்ற அளவுகோலால் அளந்து பாருங்கள். மிளகும் பாக்கும் கறுவாவும் ஆகுமான சரக்குத்தான். ஆரம்ப முதல் வட்டிக் கடன் அல்ல, நட்டத்திலும் கூடும் பங்கு. வடிகட்டியில் அது தேறிவிடக்கூடும். தோணியை மறித்ததும் ஊழியம் வாங்கியதும் அந்த அளவுகோலில் விழாது. எந்தக் கம்பனியின் பங்கை வாங்கலாம் என்ற பட்டியலோடு, அந்தக் கம்பனி ஆட்களை எப்படி நடத்துகிறது என்ற விசாரிப்பும் சேர வேண்டும் என்று ஒரு கூட்டத்தில் சொன்னேன். அது தக்வாவின் விடயம், சட்டத்தின் விடயம் அல்ல என்று ஒரு மௌலவி பதில் சொன்னார். எனக்கு இன்னும் திருப்தி இல்லை.

ஊர்க்காரருக்குக் கடைசியில் நான் கொடுத்தது மூன்று கேள்விகள். உங்கட சல்லியில் வாங்கிய பங்கு மத்திய வைப்பு முறைமையில் உங்கட பெயரில் பதிந்திருக்கா? இடையில் நிற்கிற ஆள் ஆணைக்குழுவின் அனுமதி உள்ள தரகரா? லாபம் நிச்சயம் என்றால், நட்டம் வந்தால் யாருக்கு? நட்டத்தில் கூடாத ஆளுக்கு லாபத்தில் உரிமை இல்லை என்பது பிக்ஹின் மூலவிதி. மாதம் 10 வீதம் நிச்சயம் என்று சொன்ன உடனேயே அது பங்கு இல்லை என்றாகிவிடுகிறது. பெயரை ஷேர் என்று மாற்றினாலும் உள்ளே இருப்பது வட்டி, அல்லது பின்னால் வருகிறவனின் முதலை முன்னால் வந்தவனுக்கு லாபம் என்று கொடுக்கும் வேலை. பிரமிட் திட்டம் என்று மத்திய வங்கி தடை செய்திருப்பதும் ஏறக்குறைய இந்த வேலையைத்தான்.

அவர் கேள்விகளை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போனார். அடுத்த ஜும்ஆவுக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"முதலாவது கேள்விய அனுப்பின சேர். ரெண்டு சரி விழுந்து நீலமாயிட்டு. பதில் இல்ல. கோல் எடுத்தா கட் பண்றான்."

காணி துப்புரவாக்கும் வேலை மழைக்கு முன்னம் தொடங்க இருந்தது. இன்னும் தொடங்கவில்லை.